ஆர்மா புகையிரத விபத்தும் தாமதமாக வந்த பிரேக்கும்



புகையிரதத்தில் ஏறினால் ஜன்னலோர இடத்தைத் தேடும் நாம், அதன் பிரேக்கைப் பற்றி யோசிப்பதில்லை. யோசிக்கத் தேவையில்லாத அளவுக்கு அது சாதாரணமாகிவிட்டது. ஆனால் அப்படிச் சாதாரணமாவதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை, பிள்ளைகளைச் சுற்றுலாவுக்குக் கூட்டிச் செல்லும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

1889 ஜூன் 12. இன்றைய வட அயர்லாந்தில் உள்ள ஆர்மா நகரிலிருந்து ஒரு ஞாயிறு பாடசாலையின் பிள்ளைகளும் பெற்றோரும் ஆசிரியர்களும் வொரன்பொயின்ட் என்ற கடற்கரை ஊருக்குப் புறப்பட்டார்கள். 15 பெட்டிகளில் 900க்கும் அதிகமானோர். ஏற்றத்தில் இழுக்க முடியாமல் என்ஜின் நின்றுவிட்டது. வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பகுதியை முதலில் கொண்டுபோய் விடுவோம் என்று முடிவெடுத்தார்கள். பின்னால் விடப்பட்ட 10 பெட்டிகளையும் பிடித்திருந்தவை ஒரு கைப்பிரேக்கும், சக்கரங்களுக்கு அடியில் வைத்த கற்களும் மட்டுமே. முன்பகுதி புறப்படும்போது சற்றுப் பின்வாங்கித் தட்டியது. கற்கள் தாங்கவில்லை. சரிவில் பின்னோக்கி உருண்ட பெட்டிகள், பின்னால் வந்த அடுத்த வண்டியில் மோதின. சுமார் 80 பேர் இறந்தார்கள். பலர் பிள்ளைகள். பெட்டிக் கதவுகள் பூட்டப்பட்டிருந்ததால் குதிக்கவும் வழியில்லை.

அந்த வண்டியில் பிரேக் இல்லாமல் இல்லை. குழாயிலிருந்து காற்றை உறிஞ்சினால்தான் பிடிக்கும் வகை அது. பெட்டிகளைப் பிரித்ததும் பின்பகுதிக்கு அது இல்லாமல் போனது. இதற்கு நேர்மாறான தானியங்கி பிரேக் ஏற்கெனவே இருந்தது. குழாய் அறுந்தாலோ கழன்றாலோ அது தானாகவே சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்கரான ஜோர்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872இலேயே அதை உருவாக்கிவிட்டார். 1875இல் இங்கிலாந்தின் நியூவார்க் அருகே பல வகை பிரேக்குகளைப் பொருத்திய வண்டிகளை ஓட்டிப் பரிசோதித்தபோது, சிறப்பாக நின்றதும் அவருடைய பிரேக்தான்.

அதாவது, பரிசோதனை முடிந்து 14 வருடங்களுக்குப் பிறகே ஆர்மா விபத்து நடந்தது. இடையில் என்ன நடந்தது? செலவு அதிகம் என்று கம்பனிகள் தயங்கின. ஒவ்வொரு கம்பனியும் தனக்குப் பிடித்த பிரேக்கைத் தெரிவு செய்ததால், ஒன்றின் பெட்டி மற்றதன் என்ஜினுடன் பொருந்தவில்லை. அரசாங்கமோ, கட்டளையிட்டால் பொறுப்பும் தன் தலையில் விழும் என்று ஒதுங்கி நின்றது. 1878இல் ஒரு சட்டம் வந்தது. எந்த பிரேக்கைப் பாவிக்கிறோம் என்று கம்பனிகள் வருடத்துக்கு இரண்டு முறை அறிக்கை அனுப்பினால் போதும் என்றது அது. அறிக்கைகள் சேர்ந்தன. ஆர்மா வண்டிக்கு மட்டும் அந்த பிரேக் வந்து சேரவில்லை.

விபத்து நடந்து 80 நாட்களுக்குள், 1889 ஆகஸ்ட் 30இல், புதிய சட்டம் நிறைவேறியது. பயணிகள் வண்டிகளுக்குத் தானியங்கி பிரேக் கட்டாயமானது. இத்தனை நிமிடம் கழிந்தால் அடுத்த வண்டியை விடலாம் என்ற பழைய வழக்கத்துக்கும் முடிவு வந்தது. முன்னால் போன வண்டி அந்தப் பகுதியைக் கடந்துவிட்டது என்று உறுதியான பின்பே அடுத்தது போகலாம் என்றானது.

இந்த இரண்டாவது விதியை நம் மலைநாட்டுப் பாதையில் கண்ணாலேயே காணலாம். நிலைய அதிபர் வளையத்தில் வைத்து சாரதியிடம் கொடுக்கும் டெப்லட் அதுதான். 1874இல் இங்கிலாந்தின் தோர்ப் என்ற இடத்தில் ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதிய பின், எட்வர்ட் டையர் அமைத்த முறை அது. ஒரு டெப்லட் வெளியே இருக்கும்வரை, அந்தப் பகுதிக்கு இன்னொன்றைக் கருவி தராது. யாருடைய ஞாபகத்தையும் நல்ல மனதையும் நம்பி அது இயங்கவில்லை. அதனால்தான் இத்தனை காலம் நிலைத்தது.

கண்டுபிடிப்பவர் வேலையில் பாதியைத்தான் முடிக்கிறார். யார் செலவழிப்பது, யார் கட்டாயப்படுத்துவது, யார் சரிபார்ப்பது என்பவைதான் மிச்சப் பாதி. அந்த மிச்சம் கிடப்பில் கிடந்த 14 வருடங்களுக்கு விலை கொடுத்தவர்கள் சுற்றுலா போன பிள்ளைகள்.

நம் பாடசாலைகளும் கல்விச் சுற்றுலா போகின்றன. பஸ் பிடிக்கும்போது நாம் முதலில் கேட்பது வாடகையை. பாட்டுப் பெட்டி இருக்கிறதா என்றும் கேட்கிறோம். பிரேக்கைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள், டயர் எப்படி, இரவு முழுக்க ஒரே சாரதிதானா என்பதையும் இனிக் கேட்போம். பதில் திருப்தியில்லை என்றால் அந்த பஸ்ஸை வேண்டாம் என்று சொல்லும் தைரியமும் நமக்கு வேண்டும். பெற்றோரும் கேட்க வேண்டும், ஆசிரியர்களான நாமும் கேட்க வேண்டும்.