சீயக்காயும் செம்பனையும்: தோட்டத்துத் தலைக்குளியலின் கதை



சென்ற பள்ளி விடுமுறைக்கு முன்பு ஒரு தாயார் என்னிடம் ஷாம்புப் புட்டி ஒன்றைக் காட்டி, "டீச்சர், இயற்கை மூலிகை என்று போட்டிருக்கிறது. பிள்ளைக்கு வாங்கலாமா? நம் பாட்டிமார் காலத்தில் இரசாயனமே கிடையாதே" என்று கேட்டார். புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கத்தில் செம்பருத்தியும் சீயக்காயும் படமாக இருந்தன. பின்பக்கப் பட்டியலில் நீருக்கு அடுத்த இடத்தில் இருந்தது சோடியம் லாரெத் சல்பேட்டு. உடனே விடை சொல்ல எனக்கு இயலவில்லை.

நான் வளர்ந்தது கூலிம் வட்டாரத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றில். என் பாட்டி சிறுமியாக இருந்தபோது நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல், நம்மவரைச் சுமந்துவந்த கப்பல்களுள் பலரும் அறிந்த ஒன்று. தோட்டக் கூலிகளாக ஆள் சேர்த்து அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்வதற்கு முன் வந்த குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. அவருடைய தாயார் கொண்டுவந்த தகரப் பெட்டியில் துணிமணிகளோடு சீயக்காய் மூட்டை ஒன்றும் இருந்ததாம். அது தீர்ந்தபின் பட்டணத்துத் தமிழர் கடையை நம்பியே வாழ்ந்தார்கள். 'தோட்டத்தில் எல்லாம் மரத்தில் காய்த்தது' என்று இன்று நாம் கற்பனை செய்துகொள்வது சரியன்று. சீயக்காய் கடல் கடந்து வந்த சரக்கு. காசு கொடுத்து வாங்கியது.

பால்வெட்டுப் பெண்களுக்குத் தலைக்குளியல் அழகுக்காக மட்டும் ஏற்பட்டதன்று. விடியுமுன் பெரட்டுக்குப் போய், வெட்டி, பால் எடுத்துத் திரும்பும்போது துணி கட்டிய தலையிலும் பால் தெறித்துக் காய்ந்து ரப்பராக ஒட்டியிருக்கும். ஒட்டுப்பால் நாற்றம் வேறு. பாட்டி முதலில் தேங்காய் எண்ணெயை ஊற்றித் தேய்த்து, ஒட்டியதை இளக்கி, இழை இழையாக உருவி எடுப்பார். பிறகுதான் சீயக்காய். வெட்டு இல்லாத நாளில், வெயிலும் இருந்தால், லயத்துப் பின்புறத்தில் எங்கள் அனைவருக்கும் அது நடக்கும். "கண்ண மூடு தாயி" என்பார். மூடியும் எரியும்!

சீயக்காயும் பூவந்திக்கொட்டையும் நுரைப்பதற்குக் காரணம் அவற்றிலுள்ள சப்போனின் என்னும் வேதிப்பொருள். எண்ணெயையும் நீரையும் இணைத்து அழுக்கைக் கழுவிச் செல்லும் வேலையை ஷாம்பு போலவே அதுவும் செய்கிறது. ஆகவே பாட்டியிடம் இரசாயனம் இருந்தது, பெயர்தான் தெரியாது. சவர்க்காரம் காரத்தன்மை உடையது; முடியைச் சொரசொரப்பாக்கும். சீயக்காய்க் கரைசலோ இலேசான அமிலத்தன்மை உடையது. செம்பருத்தி இலையைக் கசக்கினால் வரும் வழவழப்பு முடியின்மேல் படிந்து சிக்கைக் குறைக்கும். இன்றைய 'கண்டிஷனர்' செய்யும் வேலையும் அதுவே. நம் பக்கத்து மலாய்க் கம்பத்துப் பெண்களும் 'பூங்கா ராயா' இலையைத் தலைக்குப் பயன்படுத்தினர். 'லிமாவ் பூரூட்' சாற்றால் முடி கழுவினர். 1960இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்டதும் அதே செம்பருத்திதான். தேசிய நாளுக்கு அம்மலரை வரையும் நம் மாணவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஷாம்பு என்ற சொல்லும் இந்தியாவிலிருந்து போனதே. 'அழுத்து, பிடித்துவிடு' என்னும் பொருளுடைய இந்திச் சொல்லிலிருந்து அது பிறந்தது. பாட்னாவில் 1759இல் பிறந்த சேக் தீன் முகமது, 1814இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலகம் திறந்து இதை ஆங்கிலேயருக்குப் பழக்கினார். உடம்பு பிடிப்பதாக இருந்த பொருள், தலை கழுவுவதாக மாறியது பின்னாளில். 1930களில் செயற்கை நுரைப்பொருள் கொண்ட ஷாம்பு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. தமிழகத்தில் 1983இல் சி.கே. ரங்கநாதன் தொடங்கிய நிறுவனத்தின் 'சிக்' ஷாம்பு, சிறு உறைகளில் சிற்றூர்வரை சென்றது. சீயக்காயைக் குளியலறையிலிருந்து வெளியேற்றியதில் அத்தகைய உறைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. அதே நிறுவனம் 'மீரா' என்ற பெயரில் சீயக்காய்ப் பொடியும் விற்கிறது என்பது வேடிக்கை.

என்னை வெளியேற்றியது உறையன்று. பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் என் அருகில் அமர்ந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எண்ணெயும் சீயக்காயும் கலந்த வாடை! அன்று மாலையே பாட்டியிடம் ஷாம்பு கேட்டு அழுதேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சம்பளத்தில் வாங்கித் தந்தார். சீயக்காய்ப் பொட்டலத்தை மடித்துப் பரண்மேல் வைத்ததை இன்றும் நினைக்கிறேன்.

இந்த விடுமுறையில் மீண்டும் முயன்றேன். சீயக்காய், பூவந்திக்கொட்டை, வெந்தயம் ஆகியவற்றை இரவு முழுதும் ஊறவைத்துக் கொதிக்கவைத்தேன். முதல் வாரம் தலை தேங்காய் நாராயிற்று. வடிகட்டாமல் தேய்த்ததே பிழை. பாட்டி துணியில் பிழிந்ததை மறந்திருந்தேன். இரண்டாம் முறை நன்றாக வந்தது. ஆயினும் எண்ணெய் வைக்காத தலைக்கு இது ஒத்துவரவில்லை; வறண்டு போகிறது. காலை 6 மணிக்குப் புறப்படும் பிள்ளைக்கு நாள்தோறும் இதைச் செய்யவும் முடியாது. வாரம் ஒருமுறை முடியும்.

இனி அந்தத் தாயாரின் புட்டிக்கு வருவோம். சோடியம் லாரெத் சல்பேட்டின் 'லார்' என்பது லாரிக் அமிலத்தைச் சுட்டுவது. அது தேங்காய் எண்ணெயிலும் செம்பனைக் கொட்டை எண்ணெயிலும் ஏறத்தாழப் பாதி அளவு உள்ளது. நம் கூலிம் தோட்டங்களில் இரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டு நட்டது எது? அதே செம்பனை! பாட்டியின் முடியில் பால் தெறித்த நிலத்தில் காய்ப்பது, ஆலைகளில் மாறிப் புட்டிக்குள் வரக்கூடும். இதையும் 'இயற்கை' என்று விற்கிறார்கள், சொல்லளவில் பொய்யன்று. ஆயினும் வறண்ட தோலுடைய பிள்ளைக்கு அது எரிச்சல் தரலாம். அவரிடம் நான் இறுதியில் கூறியது இவ்வளவே: முன்பக்கப் படத்தை விடுங்கள், பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள், சிறிதளவு போதும், நன்றாக அலசிவிடுங்கள்.

பாடாங் செராய், லூனாஸ் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்று எஞ்சியுள்ளது. சப்பான்காரன் காலத்தில், இந்தியாவிலிருந்து கப்பல் வராத அந்த ஆண்டுகளில், தோட்டத்துப் பெண்கள் எதைக்கொண்டு தலை கழுவினார்கள்? உங்கள் வீட்டுப் பாட்டிமாரிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.