நான்கு நாளில் ஓர் ஆண்டு

1952இல் 'தி அப்சர்வேட்டரி' என்ற பிரிட்டிஷ் வானியல் இதழில் ஓட்டோ ஸ்ட்ருவே ஒரு சிறு கட்டுரை எழுதினார். கார்கிவ் நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர் அவர். நான்கு தலைமுறையாக அந்தக் குடும்பத்துக்கு வானியலே தொழில். வியாழனைப் போன்ற ஒரு பெருங்கோள் தன் விண்மீனை ஒட்டியே, ஒரே நாளில் ஒரு சுற்று முடிக்கும்படி ஓடக் கூடாதா என்று அதில் கேட்டார். அப்படி ஓடினால் கோளின் ஈர்ப்பால் விண்மீன் நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் தள்ளாடும். அன்றிருந்த கருவிகளே முயன்றால் அதைப் பிடித்துவிடலாம் என்றும் கணக்குச் சொன்னார்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. வேறு விண்மீன்களுக்குக் கோள் உண்டு என்று சொல்லி மானமிழந்தவர்களின் பட்டியல் நீளமானது. அதில் சென்னைக்கும் ஓரிடம் உண்டு. நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய வானாய்வகத்தின் தலைவர் டபிள்யூ. எஸ். ஜேக்கப், '70 ஒஃபியூக்கி' என்ற இரட்டை விண்மீனின் பாதையில் தெரிந்த பிறழ்ச்சிக்கு ஒரு கோளே காரணமாகலாம் என்று 1855இல் அறிவித்தார். அது நிற்கவில்லை. 1963இல் பீட்டர் வான் டி கேம்ப், பர்னார்டு விண்மீனுக்குக் கோள் கண்டதாகச் சொன்னார். பத்தே ஆண்டுகளில் அதுவும் அடிபட்டது.

இன்னொரு காரணம் நம் சூரியக் குடும்பமே. இங்கே சிறிய பாறைக் கோள்கள் உள்ளே, பெருங்கோள்கள் வெளியே. பனிக்கட்டி உறையும் குளிர்ந்த தொலைவில்தான் பெருங்கோள் உருவாகும் என்றது கோட்பாடு. வியாழன் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 12 ஆண்டுகள் எடுக்கிறது. சூரியனை அது அசைப்பதோ நொடிக்கு 12 மீட்டர் அளவுக்குத்தான். ஆகவே தேடுகிறவர் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்கத் தயாராக வேண்டும் என்பதே எல்லோரும் ஏற்ற விதி.

கனடாவின் கார்டன் வாக்கரும் புரூஸ் கேம்பலும் அப்படியே காத்திருந்தார்கள். விண்மீன் நம்மை நெருங்கும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் நகரும். அந்த நகர்வை ஒப்பிட்டு அளக்கும் அளவுகோலாக, நச்சுத்தன்மை வாய்ந்த ஹைட்ரஜன் ஃபுளூரைடு வாயு நிரப்பிய குப்பியைத் தொலைநோக்கியோடு பொருத்தினார்கள். 12 ஆண்டுகள், 21 விண்மீன்கள். வியாழனைப் போன்ற கோள் ஒன்றும் தென்படவில்லை என்ற அவர்களுடைய கட்டுரை 1995 ஆகஸ்டில் வெளியானது.

அதே ஆண்டு அக்டோபர் 6 அன்று, இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் சுவிட்சர்லாந்தின் மிஷெல் மேயரும் அவருடைய மாணவர் திதியே கெலோவும் தங்கள் முடிவை அறிவித்தார்கள். சுமார் 50 ஒளியாண்டுத் தொலைவில், சூரியனை ஒத்த '51 பெகாசி' என்ற விண்மீனைச் சுற்றுகிறது ஒரு கோள். நிறை வியாழனில் பாதியளவு. ஒரு சுற்றுக்கு ஆவது 4.23 நாள்! பிரான்ஸின் ஓத் புரோவான்ஸ் வானாய்வகத்தில் 'எலோடி' என்ற நிறமாலைமானி கொண்டு எடுத்த அளவுகள் அவை. ஸ்ட்ருவே கேட்ட கோள் கிடைத்துவிட்டது. 1963இல் காலமான அவர்தான் அதைப் பார்க்க இல்லை.

கலிஃபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் ஜெஃப்ரி மார்சியும் பால் பட்லரும் 1987 முதலே அளந்துகொண்டிருந்தார்கள். சில நாட்களிலேயே அவர்கள் சுவிஸ் முடிவை உறுதிப்படுத்தினார்கள். பிறகு, தாங்கள் சேர்த்து வைத்து அலசாமல் விட்டிருந்த தரவுக் குவியலுக்குத் திரும்பினார்கள். 1996 ஜனவரியில் இரண்டு கோள்களை அறிவித்தார்கள். மேலும் சில அதே ஆண்டில் வந்தன. அவற்றுள் ஒன்று, வெறும் கண்ணுக்கே தெரியும் உப்சிலான் ஆண்ட்ரோமெடே என்ற விண்மீனை 4.6 நாளில் சுற்றியது.

அந்த விண்மீனின் தள்ளாட்டம் ஒரே கோளின் கணக்குக்கு அடங்கவில்லை. 1999 ஏப்ரலில் விடை வந்தது: இன்னும் இரண்டு பெருங்கோள்கள், ஒன்றுக்குச் சுற்று 241 நாள், மற்றதற்கு மூன்றரை ஆண்டு. சூரியனைப் போன்ற விண்மீன் ஒன்றைப் பல கோள்கள் சுற்றுவது முதன்முதலாக அங்கேதான் தெரிந்தது. வெளியே உள்ள இரண்டின் பாதைகளும் ஒன்றுக்கொன்று 30 பாகை சாய்ந்திருப்பதை ஹபிள் தொலைநோக்கி அளவுகள் 2010இல் காட்டின. கோள்களெல்லாம் ஏறக்குறைய ஒரே தளத்தில் ஓடும் நம் குடும்பத்துக்கு இதிலும் அது ஒத்துப்போகவில்லை.

இத்தனையும் கோளைக் காணாமலே அறிந்தவை. பின்னர், சூரியனை ஒத்த இளம் விண்மீன் ஒன்றையும் அதன் இரு பெருங்கோள்களையும் நேரடியாக ஒரே படத்தில் சிலியின் பரானல் மலைத் தொலைநோக்கி எடுத்தது. படம் 2020இல் வெளிவந்தது. மேயரும் கெலோவும் அதற்கு முந்தைய ஆண்டே நோபல் பரிசில் பாதியைப் பெற்றிருந்தார்கள்.

பிந்தைய கணக்கெடுப்புகள் இன்னொன்றையும் சொல்லிவிட்டன. விண்மீனை ஒட்டி ஓடும் வெப்ப வியாழன்கள், சூரியனை ஒத்த விண்மீன்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று என்ற அளவில்தான் உண்டு. முதலில் அகப்பட்டது அரிய வகை. அதுவும் பிடிக்க எளிதான வகை என்பதால்தான் அகப்பட்டது.