குதியுயர்ந்த காலணியும் ஆடவரும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம் நாட்டு வழக்குமொழி. ஒருவர் உடுக்கும் உடையைக் கொண்டே அவரை அளந்துவிடும் பழக்கம் உலகெங்கும் உண்டு. அந்த அளவுகோலுக்குக் காலணியும் தப்புவதில்லை. பேச்சு வழக்கில் ஹைஹீல்ஸ் என்று நாம் கூறும் குதியுயர்ந்த காலணியையே எடுத்துக்கொள்வோம். அதனை ஒரு பெண் அணிந்து நடந்தால் எவரும் வியப்பதில்லை. ஓர் ஆண் அணிந்து வந்தாலோ தெருவே திரும்பிப் பார்க்கிறது. சிலர் நகைக்கின்றனர், சிலர் முகம் சுளிக்கின்றனர், இது இயற்கைக்கு மாறானது என்று தீர்ப்புக் கூறுவோரும் உளர். ஆயினும் இத்தகைய காலணிகளை விரும்பி அணியும் ஆடவர் பல நாடுகளில் வாழ்கின்றனர். சோடி சோடியாகச் சேர்த்துப் போற்றுவோரும் அவர்களுள் உண்டு. அவர்களை நோக்கி எழும் நகைப்பு எத்துணைப் பழமையானது? அது இயற்கை அளித்த தீர்ப்பா, காலம் அளித்த தீர்ப்பா? இவ்வினாவிற்கு வரலாற்றைக் கொண்டே விடை காண முயல்வோம்.

காலணியின் பின்புறம் உயர்த்தி அமைக்கப்பெறும் பகுதியைக் குதி என்கிறோம். அக்குதி மாளிகையில் பிறந்ததன்று. குதிரையின் முதுகிலே பிறந்தது. குதிரை வீரன் ஒருவனை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். சேணத்தின் இருபுறமும் அங்கவடி தொங்குகிறது. அதில் காலை ஊன்றியே அவன் சவாரி செய்கிறான். பகைவனை எய்ய வேண்டிய நேரம் வந்ததும் கடிவாளத்தை விட்டுவிட்டு, அங்கவடியின்மேல் எழுந்து நின்று, இரு கைகளாலும் வில்லை வளைக்கிறான். குதிரையோ பாய்ந்து செல்கிறது. அந்த நிலையில் கால் முன்னே வழுக்கினால் வீரனின் உயிருக்கே இடையூறு. காலணியின் பின்னே ஒரு குதி இருந்தால் அது அங்கவடியின் விளிம்பில் மாட்டிக்கொண்டு காலை வழுக்காமல் தடுக்கும். எனவே, தோன்றிய காலத்தில் குதி என்பது அழகுப் பொருள் அன்று. போர்க்கருவியின் ஓர் உறுப்பு.

இக்கலையில் தேர்ந்தவர் பாரசீகர். இன்று ஈரான் எனப்படும் அந்நாட்டின் குதிரை வீரர்கள் அணிந்த 17-ஆம் நூற்றாண்டுக் காலணிகள் சில இன்றும் காக்கப்பட்டுள்ளன. அவற்றின் தோலைப் பதப்படுத்திய முறை சுவையானது. குதிரைத் தோலின்மீது கடுகு விதைகளைப் பரப்பி அழுத்துவர். விதைகள் நீங்கிய பின்னர்ச் சிறு சிறு குழிகள் தோலில் நின்று அழகு செய்யும். போருக்குரிய பொருளிலும் பாரசீகக் கைவினைஞர் இவ்வளவு நயம் கண்டனர்.

பாரசீகத்தின் குதி ஐரோப்பாவிற்கு எவ்வாறு சென்றது? 1588 முதல் 1629 வரை அந்நாட்டை ஆண்டவர் ஷா அப்பாஸ். துருக்கியப் பேரரசை எதிர்க்க ஐரோப்பிய அரசர்களின் நட்பை அவர் நாடினார். 1599-ஆம் ஆண்டில் அவருடைய தூதுக்குழு ஒன்று புறப்பட்டு மாஸ்கோ, பிராகு, உரோம் முதலிய நகரங்களுக்குச் சென்றது. பாரசீகத்தின் பட்டும், படையும், உடையும் ஐரோப்பியரின் உள்ளத்தைக் கவர்ந்த காலம் அது. அக்காலத்தை ஒட்டியே ஐரோப்பிய உயர்குடி ஆடவரின் கால்களில் குதி இடம்பெறலாயிற்று. கனடா நாட்டின் டொராண்டோ நகரில் உள்ள பாட்டா காலணி அருங்காட்சியகத்தைச் சேர்ந்த எலிசபெத் செம்மெல்ஹாக் அம்மையார் இத்தொடர்பை ஆராய்ந்து விளக்கியுள்ளார். பாட்டா என்னும் பெயரை நம் ஊர்க் கடைத்தெருவில் அறியாதார் இலர். அக்குடும்பத்தைச் சேர்ந்த சோன்யா பாட்டா அம்மையார் திரட்டிய காலணிகளைக் கொண்டு எழுந்ததே அந்த அருங்காட்சியகம்.

வீரம் மிக்க குதிரைப் படையின் அடையாளத்தைத் தாமும் அணிய ஐரோப்பியப் பெருமக்கள் விரும்பினர். ஆனால் அவர்களுடைய நகரத் தெருக்களோ சேறும் பள்ளமும் நிறைந்தவை. நடக்கும்போது குதி சேற்றில் புதைந்தது. அதனைத் தடுக்கக் குதிக்கும் முன்னடிக்கும் பாலமிட்டாற்போல் தட்டையான ஓர் அடித்தோலைச் சேர்த்துக்கொண்டனர். அத்தகைய காலணி நடக்கும்போது தரையில் தட்டித் தட்டி ஒலி எழுப்பும். இவ்வளவு தொல்லை எதற்கு என்று தோன்றலாம். அத்தொல்லையிலேதான் பெருமை அடங்கியிருந்தது. வயலில் உழைப்பவனும் தெருவில் சுமை தூக்குபவனும் குதியுயர்ந்த காலணியை அணிய இயலாது. ஆகவே, உழைத்துண்ண வேண்டாத உயர்குடியினர் யாம் என்று சொல்லாமற் சொல்லும் அடையாளமாக அது விளங்கிற்று.

இப்பெருமை உச்சத்தை எய்தியது பிரான்சு நாட்டில். 1643 முதல் 1715 வரை, எழுபத்திரண்டு ஆண்டுகள் அரியணையில் வீற்றிருந்த பதினான்காம் லூயி மன்னரின் காலணிகளில் குதி உயர்ந்திருந்தது. அது செந்நிறமும் பெற்றிருந்தது. அரசவையில் இடம்பெற்ற உயர்குடியினர்க்கே அந்தச் செங்குதி உரியதாயிற்று. நல்ல சிவப்புச் சாயம் விலை மிகுந்த காலம் அது. செங்குதி என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடர், நாளடைவில் அரசவையைச் சார்ந்த பெருமகனைக் குறிக்கும் பெயராகவே வழங்கலாயிற்று.

1701-ஆம் ஆண்டில் இயாசிந்த் ரிகோ என்னும் ஓவியர் தீட்டிய லூயி மன்னரின் ஓவியம் பாரிசு நகரத்து லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏறத்தாழ 63 வயதினரான மன்னர் அதில் நிமிர்ந்து நிற்கிறார். தோளிலிருந்து முடிசூட்டுப் பேராடை சரிகிறது. இடையில் வாள் தொங்குகிறது. ஆடையை ஒதுக்கி, வெண்பட்டு உறை பூண்ட காலை முன்னே வைத்துக் காட்டுகிறார். அக்காலில் மிளிர்கிறது செங்குதிக் காலணி. இன்று அந்தக் காலணியை ஓர் இளைஞன் அணிந்து கல்லூரிக்கு வந்தால் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள். அன்றோ, ஐரோப்பாவின் பேரரசர் ஒருவர் தம் ஆற்றலை உலகிற்கு அறிவிக்கவே அதனை அணிந்து நின்றார்.

குட்டையான உடலை நெட்டையாகக் காட்டவே ஆடவர் குதியை நாடினர் என்று சிலர் கருதுவர். அது முழு உண்மையன்று. இங்கிலாந்தை ஆண்ட இரண்டாம் சார்லசு மன்னர் ஆறடிக்கும் மேற்பட்ட உயரமுடையவர். 1661-இல் முடிசூடிக்கொண்ட அவரை, முடிசூட்டுக் கோலத்தில் சான் மைக்கேல் ரைட் தீட்டிய ஓவியத்திலும் அவருடைய காலணியின் குதி உயர்ந்தே காணப்படுகிறது. உயரம் வேண்டாதவரும் குதியை வேண்டினர் என்றால், அவர்கள் நாடியது உடலின் உயரத்தை மட்டும் அன்று, நிலையின் உயரத்தையும் ஆம் என்பது தெளிவு.

அவ்வாறாயின் மகளிர் இக்காலணியை அணியத் தொடங்கியது எப்போது? அவர்கள் அதனை ஆடவரிடமிருந்தே பெற்றனர். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய மகளிர் சிலர் ஆடவரின் அகன்ற தொப்பியை அணிந்தனர், தலைமயிரைக் குறைத்துக்கொண்டனர். இங்கிலாந்தில் இதற்கெதிராகப் பெருங்கூச்சல் எழுந்தது. 1620-ஆம் ஆண்டில் முதலாம் சேம்சு மன்னர், இத்தகைய பெண்களைக் கண்டித்துப் பேசுமாறு இலண்டன் நகரத்துச் சமயகுருமாரைப் பணித்தார். ஆண்போல் உடுக்கும் பெண்ணைச் சாடும் சிறுநூலும் அதே ஆண்டில் வெளிவந்தது. கண்டனம் ஓய்ந்தது, வழக்கமோ நிலைத்தது. ஆடவரின் குதியும் 1630-களில் மகளிர் காலணியில் ஏறியது. அன்று ஆண்மைக்கு அடையாளமாக இருந்த பொருளைப் பெண்கள் எடுத்துக்கொண்டனர். இன்று பெண்மைக்கு அடையாளமாகிவிட்ட அதே பொருளை ஆண் ஒருவன் எடுத்துக்கொண்டால் மீண்டும் கூச்சல் எழுகிறது. பொருள் ஒன்றே, காலமே வேறு.

நாளடைவில் இருபாலாரின் குதியும் வடிவில் பிரிந்தன. ஆடவர் குதி அகன்று, தடித்து, சதுரமாயிற்று. மகளிர் குதி மெலிந்து வளைந்தது. பின்னர் 18-ஆம் நூற்றாண்டில் பகுத்தறிவுச் சிந்தனை ஐரோப்பாவில் பரவியது. பிறப்பால் வரும் பெருமையைக் காட்டிலும் கல்வியும் தொழிலுமே சிறந்தவை என்ற எண்ணம் வளர்ந்தது. பட்டும், சரிகையும், ஒளிரும் நிறங்களும் ஆடவர்க்கு ஆகா என்று ஒதுக்கப்பட்டன. அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஆடவர் பொதுவாக உயர்குதியைக் கைவிட்டனர். பிரெஞ்சு அரண்மனைச் சடங்குகளில் எஞ்சியிருந்த செங்குதியும் 1789-இல் எழுந்த புரட்சியோடு மறைந்தது. அதன் பின்னர்ச் சில பத்தாண்டுகள் மகளிரும் தட்டையான காலணியையே அணிந்தனர். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் குதி திரும்பி வந்தபோது, அது மகளிர்க்கே உரிய பொருளாகக் கருதப்பட்டது. ஆடவர் அழகைத் துறந்த இம்மாற்றத்தைச் சே. சி. ஃபுளூகல் என்னும் உளநூல் அறிஞர் 1930-இல் வெளியிட்ட நூலில் ஆடவரின் பெருந்துறவு என்று பெயரிட்டு விளக்கினார்.

எனினும் அத்துறவு முற்றுப் பெறவில்லை. குதிரை இருந்த இடத்தில் குதியும் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்ற கௌபாய்கள் உயர்ந்த குதியுடைய பூட்சுகளையே அணிந்தனர். பாரசீக வீரனுக்கு அங்கவடியில் உதவிய அதே குதி அவர்களுக்கும் உதவியது. ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ நடனத்தில் ஆடவர் குதியால் தரையைத் தட்டித் தாளம் எழுப்புகின்றனர். 1960-களில் புகழ்பெற்ற பீட்டில்ஸ் இசைக்குழுவினரும், 1970-களில் டேவிட் போவி, எல்டன் ஜான் முதலிய பாடகரும் உயர்ந்த காலணிகளோடு மேடையேறினர்.

காலணியைச் சேர்த்துப் போற்றியவர்களுள் அமெரிக்கப் பாடகர் பிரின்சு குறிப்பிடத்தக்கவர். 1958-இல் பிறந்து 2016-இல் மறைந்த அவர், தமக்கெனத் தனியே செய்வித்த குதியுயர்ந்த காலணிகளை மேடையிலும் வெளியிலும் அணிந்தார். உடைக்குத் தக்க நிறத்தில் காலணியும் அமையும். மினசோட்டா மாநிலத்தில் அவர் வாழ்ந்த பெய்சிலி பார்க் மாளிகையில், 2021-ஆம் ஆண்டில், அவருடைய காலணிகளுள் முந்நூற்றுக்கும் மேற்பட்ட சோடிகள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

புகழுடையோர் செய்தால் அது கலை எனப்படுகிறது. புகழில்லாத எளியவர் செய்தால் என்ன எனப்படுகிறது? இவ்வினாவிற்கு விடை தரும் நிகழ்ச்சி ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. நார்த்தாம்டன்சயர் மாவட்டம் காலணித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்கே ஏர்ல்ஸ் பார்ட்டன் என்னும் சிற்றூரில் ஆடவர் காலணிகளைச் செய்துவந்த பழைய தொழிற்சாலை ஒன்று, 1990-களில் விற்பனை குறைந்து தளர்ந்தது. அப்போது ஆடவரின் பாத அளவுக்கு ஏற்ற குதியுயர்ந்த காலணிகளைச் செய்து விற்க அது முன்வந்தது. மேடைக் கலைஞர் மட்டுமன்றி வேறு ஆடவரும் அவற்றை வாங்கினர். இச்செய்தியை 1999-இல் பி.பி.சி. தொலைக்காட்சி உலகறியச் செய்தது. 2005-இல் அது கிங்கி பூட்ஸ் என்னும் திரைப்படமாயிற்று. அப்படத்தைத் தழுவிய இசைநாடகம் 2013-இல் அமெரிக்காவின் டோனி விருதைப் பெற்றது. கடைக்குச் சென்று கேட்க நாணி, தம் காலுக்குப் பொருந்தாத காலணியோடு அல்லலுற்ற ஆடவர் எத்தனை பேரோ! தம் காலுக்கென்றே ஒருவர் அளந்து செய்த காலணி, அவர்களை மனிதராக மதித்ததற்கு ஓர் அடையாளம் அன்றோ?

உயர்ந்த குதியை நெடுநேரம் அணிந்தால் உடலின் பாரம் முன்பாதத்தில் அழுந்துகிறது. நாள்தோறும் அணிவோர்க்குக் கெண்டைக்கால் தசைநார் இறுகவும் கூடும். இத்தீங்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது. உடல்நலம் கருதி அதனை விலக்கக் கூறினால் அது அறிவுரை. ஆண் என்பதற்காக நகைத்தால் அது அறிவுரை ஆகாது.

மாணவ நண்பர்களே, 2015-ஆம் ஆண்டில் டொராண்டோ அருங்காட்சியகம் ஆடவரின் குதியுயர்ந்த காலணிகளுக்கென்றே ஒரு கண்காட்சியை அமைத்தது. குதிரை வீரனின் கருவி, மன்னனின் பெருமை, மகளிரின் அணி, கலைஞனின் ஒப்பனை, எளியவனின் தனி விருப்பம் என ஒரே பொருள் எத்தனை உருவங்கள் எடுத்தது என்பதைக் கண்டோம். நானூறு ஆண்டுகளில் இத்தனை முறை பொருள் மாறிய ஒன்றை, இது ஆணுக்கு உரியது, இது பெண்ணுக்கு உரியது என்று இயற்கை வகுத்ததாகக் கூற முடியுமா? வகுத்தவர் மக்கள், மாற்றியவரும் மக்களே. பிறர்க்குத் தீங்கு செய்யாத ஒருவரின் விருப்பத்தைக் கண்டு நகைக்க நா எழும்போது, செங்குதியோடு நிமிர்ந்து நின்ற லூயி மன்னரை நினைவு கூர்வீர்களாக. அந்நகைப்பு இயற்கையின் குரல் அன்று, ஒரு காலத்தின் குரலே என்பது அப்போது விளங்கும்.