குடியிருப்போர் கேட்ட வீடு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீடு கட்டுதல் நெடுங்காலமாக வீட்டுக்காரரும் மேசனும் தச்சனும் கலந்து பேசிச் செய்த காரியமாகவே இருந்தது. வளவில் நிலையம் எடுத்த நாள்முதல், நெல்மூட்டையை எங்கே அடுக்குவது, குசினிப் புகை எப்பக்கம் போவது, மகளுக்குச் சீதனம் கொடுக்குங்கால் எங்கே அறை கூட்டுவது என்றெல்லாம் கேட்டறிந்தே சுவர் எழுப்பினர். சுண்ணாம்புக்கல்லும் வைரமேறிய பனைமரமும் உள்ளூரிலேயே கிடைத்தன. நடுவே முற்றம் விட்ட நாற்சார் வீடு, இந்நாட்டு வெயிலை அறிந்தோர் வகுத்தது. வசதி படைத்தோர்க்கே அது வாய்த்தது; ஏழைகள் மண்சுவரும் கிடுகுக் கூரையுமாகவே வாழ்ந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

பிற்காலத்தில் மேனாட்டார் இதற்கொரு சாத்திரம் வகுத்தனர். பயன்படுத்துவோரின் தேவைக்குப் பொருந்துவதே தரம் என்றார் ஜோசப் ஜூரான் என்னும் அமெரிக்க அறிஞர். 1972இல் யப்பானின் கோபே கப்பற்றளத்தில், பயன்படுத்துவோர் வேண்டுவனவற்றை ஒருபுறமும் பொறியியலாளர் செய்யக்கூடியவற்றை மறுபுறமும் எழுதி ஒப்புநோக்கும் அட்டவணை கையாளப்பட்டது. உச்சியிற் கூரைபோல் தோன்றும் அவ்வகை அட்டவணைக்குத் 'தர வீடு' என்ற பெயர் வழங்கலாயிற்று. பெயரில் வீடு இருந்தும், கப்பலுக்கும் மோட்டார் வாகனத்துக்கும் பயன்பட்ட பின்னரே அது கட்டடத் துறைக்கு வந்தது விந்தையே.

2009இல் முடிவுற்ற போர் வடக்கிற் பெருந்தொகையான வீடுகளை அழித்துவிட்டது. 2010இல் இந்திய அரசு 50,000 வீடுகளுக்கான உதவியை அறிவித்தது. முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தக்காரர் கட்டினர். 2012 ஒக்டோபரில் தொடங்கிய அடுத்த கட்டத்தில் வீட்டுக்காரரே கட்டுவிக்கும் முறை வந்தது. 550,000 ரூபா, வேலை முன்னேறுந்தோறும் தவணை தவணையாக அவரவர் வங்கிக் கணக்கிற் சேர்ந்தது. அத்திவாரம், சுவர், கூரை என ஒவ்வொரு படியையும் தொழினுட்ப அலுவலர் பார்வையிட்டனர். விறாந்தையின் அகலமும் குசினியின் இடமும் குடியிருப்போர் விருப்பம். இலங்கைக்கு இது முற்றிலும் புதிதன்று. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டமும் குடும்பங்களுக்குக் கடன் கொடுத்து அவர்களையே கட்டுவித்தது.

எனினும் விலைவாசி ஏற, அத்தொகை பலருக்குப் போதவில்லை. நகை அடகு வைத்தோரும் கடன்பட்டோரும் உளர். கணவனை இழந்த பெண்களும் முதியோரும் மேசனைத் தேடவும் மணல் ஏற்றுவிக்கவும் பட்ட பாடு பெரிது. விருப்பத்தைக் கேட்டவர்கள் வசதியையும் கேட்டிருத்தல் வேண்டும்.

இதனிடையே, 65,000 உருக்கு வீடுகள் அமைக்கும் திட்டமொன்றை இலங்கை அரசு 2015ஆம் ஆண்டளவில் முன்வைத்தது. வீடொன்றின் செலவு 20 இலட்சம் ரூபாவுக்கு மேல். பட்டப்பகல் வெயிலில் உள்ளே இருக்க முடியுமா? உப்புக்காற்றில் உருக்கு எத்தனை ஆண்டு நிற்கும்? விறகடுப்புப் புகை எங்கே போகும்? நாளை அறையொன்று கூட்டலாமா? இவ்வாறெல்லாம் வினாக்கள் எழுந்தன. அத்திவாரத்தையும் கூரைத் தாங்கலையும் பற்றிப் பொறியியலாளர் சிலரும் ஐயுற்றனர். அந்தப் பணத்தில் இரண்டு கல்வீடு கட்டலாமென்றும் கணக்குக் காட்டப்பட்டது. எதிர்ப்பு வலுக்கவே, 65,000 உருக்கு வீடுகள் எழவில்லை. படம் கீறுமுன் குடாநாட்டு அடுக்களை ஒன்றில் சிறிதுநேரம் இருந்து கேட்டிருந்தால், அவ்வினாக்களுள் பல அன்றே வெளிப்பட்டிருக்கும்.