லேசர் முடி நீக்கமும் சென்னைத் தோல் நிறங்களும்

லேசர் முடி நீக்கம் என்பது குறிப்பிட்ட அலைநீளமுள்ள ஒளியைத் தோலின் மேல் பாய்ச்சி, மயிர்க்காலைச் சூடாக்கிச் சிதைத்து, முடி திரும்ப வளர்வதைப் பெருமளவு குறைக்கும் மருத்துவ முறை. சென்னையில் தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு வட்டாரங்களில் தோல் மருத்துவர்களின் கிளினிக்குகளிலும் அழகு நிலையங்களிலும் இது செய்யப்படுகிறது. மேலுதடு, தாடை, அக்குள், கை கால்களுக்குப் பெண்களும், தாடியின் ஓரம், கழுத்து, முதுகு ஆகியவற்றுக்கு ஆண்களும் வருகிறார்கள். முகமுடியை நீக்க வரும் திருநங்கையருக்கு இது அழகைத் தாண்டிய தேவை. முடி அடியோடு போய்விடும் என்று எவரும் உறுதி தர முடியாது. அடர்த்தி நன்றாகக் குறையும், மிஞ்சியது மெலியும், அதன் பிறகும் அவ்வப்போது ஓர் அமர்வு தேவைப்படலாம்.

இந்த நகரத்தில் பெரும்பாலோரின் தோல் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இடைப்பட்டது. “கறுத்த தோலுக்கு லேசர் ஆகாது” என்ற பேச்சு இன்னும் இங்கே உலவுகிறது. தொடக்கக் காலக் கருவிகளைப் பொறுத்தவரை அது உண்மைதான். இன்று எந்தக் கருவி, எவ்வளவு ஆற்றல், யார் கையில் என்பதைப் பொறுத்தே ஆபத்து அமைகிறது.

செயல்படும் விதம்

1983-ல் அமெரிக்காவின் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் இருவரும் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரையே இம்முறைக்கு அடித்தளம். ஒரு நிறப்பொருள் நன்றாக உறிஞ்சும் அலைநீளத்தைத் தேர்ந்து, சரியான கால அளவில் ஒளியைச் செலுத்தினால், சுற்றியுள்ள திசுவுக்குச் சேதமில்லாமல் அந்த இலக்கை மட்டும் சூடாக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள். முடி நீக்கத்தில் இலக்கு முடியிலுள்ள மெலனின் என்ற நிறப்பொருள். சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. தோலின் மேலடுக்கிலும் அதே மெலனின்தான் இருக்கிறது. வெளுத்த தோலில் கறுத்த முடி இருந்தால் ஒளிக்கு ஒரே இலக்குதான். தோலும் கறுத்திருந்தால் மயிர்க்காலுக்குப் போக வேண்டிய வெப்பத்தில் ஒரு பங்கு மேல்தோலிலேயே தங்கிவிடும். கொப்புளமும் கரும்படலமும் வருவது அதனால்தான். நரைமுடியில் மெலனின் இல்லாததால் லேசர் அதைத் தொடாது.

தோல் நிறத்தை வகைப்படுத்த மருத்துவர்கள் பயன்படுத்துவது ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல். தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ல் ஒளிச் சிகிச்சைக்கு அளவு குறிப்பதற்காக இதை உருவாக்கினார். முதலில் அது வெள்ளைத் தோலை மட்டுமே வகைப்படுத்தியது. மாநிறத்துக்கும் கறுப்புக்குமான 5, 6 ஆகிய வகைகள் பிறகே சேர்க்கப்பட்டன. சென்னைவாசிகளில் பெரும்பாலோர் 4, 5 வகைகளில் அடங்குவார்கள். 3-ம் வகையினரும் 6-ம் வகையினரும் உண்டு. வெயிலில் எளிதில் கன்றிச் சிவக்குமா, கறுக்குமா என்று கேட்டு வகையை முடிவு செய்கிறார்கள். கண்ணால் பார்த்து மட்டும் சொல்வது அடிக்கடி பிசகும்.

1990-களின் நடுவில் வந்த ரூபி லேசரின் அலைநீளம் 694 நானோமீட்டர். இந்த அலைநீளத்தில் மெலனின் மிக அதிகமாக ஒளியை உறிஞ்சும் என்பதால் நம்மவர் தோலுக்கு அது பொருந்தவில்லை. 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் வெளுத்த தோலில் வேகமாக வேலை செய்யும். 4-ம் வகைக்கு மேல் அதை மிகுந்த எச்சரிக்கையோடுதான் தொட வேண்டும். 800 முதல் 810 நானோமீட்டர் வரையுள்ள டயோடு லேசரை 4-ம் வகைக்கும், துடிப்பு நேரத்தை (ஒவ்வொரு ஒளிப்பாய்ச்சலும் நீடிக்கும் கால அளவை) நீட்டி ஆற்றலைக் குறைத்து 5-ம் வகைக்கும் பயன்படுத்தலாம். 1064 நானோமீட்டர் கொண்ட என்.டி. யாக் லேசரை மெலனின் குறைவாகவே உறிஞ்சும். ஒளியும் ஆழமாக இறங்கும். 5, 6 வகைகளுக்கு இதுவே மிகப் பாதுகாப்பானது. அதற்கு ஒரு விலையும் உண்டு: வலி கூடுதல், மெல்லிய முடியில் பலன் குறைவு, அமர்வுகளும் அதிகம். ஐ.பி.எல். என்பது லேசரே அல்ல, பல அலைநீளங்கள் கலந்த பளிச்சொளி. அழகு நிலையங்களில் இதையும் லேசர் என்றே சொல்லிச் செய்வதுண்டு. கறுத்த தோலில் இதன் ஆபத்து கூடுதல். வீட்டில் பயன்படுத்தும் கருவிகளில் பலவும் இந்த வகையே. மிகக் கறுத்த தோலுக்கு வேண்டாம் என்று அவற்றின் கையேட்டிலேயே அச்சிட்டிருக்கும்.

துடிப்பு நேரம் நீண்டால் மேல்தோல் வெப்பத்தை வெளியேற்ற அவகாசம் கிடைக்கும். தொடும் முனையின் குளிர்ச்சி, குளிர்காற்று, குளிர்தெளிப்பு ஆகியவையும் மேல்தோலைக் காக்கின்றன. குளிர்தெளிப்பு அளவு மீறினால் அதுவே கறுத்த தோலில் வளைய வடிவக் கருமையை விட்டுச்செல்லும்.

பக்கவிளைவுகள்

லேசர் பட்ட சில நிமிடங்களில் ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் புல்லரித்தது போன்ற சிறு தடிப்பு எழும். இது வர வேண்டிய எதிர்வினை. சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஓரிரு நாளில் அடங்கிவிடும். வெள்ளைத் தோலை வைத்து எழுதப்பட்ட பாடநூல்கள் சிவப்பைப் பார்க்கச் சொல்கின்றன. 5-ம் வகைத் தோலில் சிவப்பு கண்ணுக்கு எளிதில் தெரியாது. அங்கே விரலால் தடவித் தடிப்பையும் வெப்பத்தையும் அறிய வேண்டும். தோல் சாம்பல் நிறமாக மங்கினால் மேல்தோல் வெந்துகொண்டிருக்கிறது என்று பொருள்; அந்த நொடியிலேயே நிறுத்த வேண்டும். இந்த அடையாளம் தெரியாதவர் கையில் கருவியைக் கொடுக்கவே கூடாது.

தீக்காயமும் கொப்புளமும் பெரும்பாலும் கருவி முனையின் வடிவத்திலேயே விழும். முன்கையில் வரிசையாகச் சிறு சதுரங்கள், ஜன்னல் கம்பியின் நிழல் விழுந்தது போல. காயம் ஆறிய இரண்டு மூன்று வாரத்தில் அந்த இடம் கறுக்கும். அழற்சிக்குப் பின் வரும் இந்தக் கருமைதான் நம் ஊரில் மிக அதிகமாகக் காணும் பக்கவிளைவு. தானாகவே மங்கும், ஆனால் மாதக் கணக்கில் ஆகும். சிலருக்கு அந்த இடம் வெளுத்துப்போகும். அது திரும்ப நிறம் பிடிக்க இன்னும் தாமதமாகும். நிரந்தரத் தழும்பு அரிது. மார்பிலோ தோளிலோ ஏற்கெனவே கீலாய்டு எனப்படும் புடைத்து வளரும் தழும்பு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கறுத்த இடத்துக்கு மருந்துக்கடையில் ஒரு களிம்பு கேட்டு வாங்கிப் பூசுவது பழக்கமாகிவிட்டது. நிறத்தை வெளுப்பாக்கும் அந்தக் களிம்புகளில் பல ஸ்டீராய்டு கலந்தவை. தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, பருக்கள் வந்து, முகத்தில் புதிய முடியும் முளைக்கலாம். 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் ஆணையிட்டது. லேசர் பட்ட தோலுக்கு முதலில் வேண்டியது குளிர்ந்த ஒத்தடமும் வெயில் தடுப்பும்தான்.

பலரும் எதிர்பாராத விளைவு ஒன்று உண்டு: லேசர் பட்ட இடத்திலோ அதன் ஓரத்திலோ முன்னைவிட முடி கூடிவிடுவது. தெற்காசிய, மேற்காசிய, மத்தியதரைக்கடல் வழியினரிடம், குறிப்பாக முகத்திலும் கழுத்திலும், இது அதிகம் பதிவாகியிருக்கிறது. மயிர்க்காலைச் சிதைக்கப் போதாத வெப்பம் அதைத் தூண்டிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். கன்னத்தில் பூனைமுடி மட்டுமே உள்ள இளம்பெண்ணுக்கு லேசர் வேண்டாம் என்று சொல்லும் மருத்துவர் நல்லதையே செய்கிறார்.

கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு விளிம்புக்குள் லேசர் கூடாது. புருவம் திருத்தப் போய்க் கருவிழிப்படலம் சேதமடைந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் உள்ளன. வலி தெரியாமலிருக்கப் பூசும் மரப்புக் களிம்பும் விளையாட்டல்ல. அமெரிக்காவில் 22, 25 வயதுப் பெண்கள் இருவர் கால் முழுவதும் அதைத் தடவி பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொண்டு லேசருக்குக் கிளம்பியபோது வலிப்பு வந்து, நினைவிழந்து, பின்னர் இறந்தார்கள். அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2007-ல் இதைச் சொல்லி எச்சரித்தது. பெரிய பரப்பில், அதுவும் மூடிக் கட்டித் தடவுவதை மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் செய்யக் கூடாது.

சென்னைத் தோலின் தனிக் கணக்குகள்

அடையாற்றிலிருந்து தியாகராய நகருக்குத் தினமும் ஸ்கூட்டியில் போகும் பெண்ணின் முன்கை 5-ம் வகையாகவும், ரவிக்கைக்குள் இருக்கும் மேற்கை 4-ம் வகையாகவும் இருக்கும். ஒரே கைதான், அளவு இரண்டு. மேற்கைக்கு வைத்த ஆற்றலையே மணிக்கட்டு வரை இழுத்துக்கொண்டு போனால் முன்கை வேகும். பிற்பகலில் கடற்காற்று வந்து வெக்கை தணிந்தாலும் அதனால் புற ஊதாக் கதிர் குறைந்துவிடாது. பங்குனி தொடங்கிக் கத்திரி வெயில் முடியும் வரை வெளியில் அலைந்து கறுத்த தோலில் தொடங்காமல், சில வாரம் பொறுத்து நிறம் மட்டுப்பட்ட பின் தொடங்குவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் இதற்குத் தோதான பருவம்.

கழுத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பைக் கோளாறு உள்ள பலருக்கு இன்சுலின் எதிர்ப்பால் பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்த கருமை படரும். தாடையில் முடி என்று வருபவர்களும் இவர்களே. தாடைக்கு ஒத்துக்கொண்ட அளவு இரண்டு அங்குலம் கீழே கழுத்தைச் சுட்டுவிடும். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் முகமுடி கூடுபவர்களுக்கு ஹார்மோன் பரிசோதனை செய்யாமல் பத்து அமர்வுக்குப் பணம் கட்டச் சொல்வது ஏமாற்று வேலை. காரணம் உள்ளே இருக்கும்வரை புதிய முடி வந்துகொண்டேதான் இருக்கும்.

பலருக்கும் கடினமான நிபந்தனை, லேசருக்கு முன் நான்கு வாரத்துக்கு நூல் போடுவதையும் வேக்ஸிங்கையும் நிறுத்துவது. வேரோடு பிடுங்கிவிட்டால் ஒளிக்கு இலக்கே இல்லை. முந்தைய நாள் ரேசரால் மழிக்க வேண்டும். மழித்தால் முடி தடிக்கும் என்று வீட்டில் பெரியவர்கள் தடுப்பார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. வெட்டுமுனை மொட்டையாக இருப்பதால் கைக்குத் தடிப்பாகத் தெரிகிறது, அவ்வளவே. மஞ்சள், குங்குமம், சந்தனம், முகப்பூச்சு எல்லாவற்றையும் துடைத்து, தோல் வெறுமையாக இருந்தால்தான் ஒளியைப் பாய்ச்சலாம்.

வளர்பருவத்தில் உள்ள முடிக்கு மட்டுமே பலன் கிடைப்பதால், நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் ஆறு முதல் எட்டு அமர்வுகள் வேண்டும். தை மாதக் கல்யாணத்துக்குப் புரட்டாசியில் வந்து அவசரப்படுத்தும் குடும்பங்கள் உண்டு. அவசரத்துக்காக ஆற்றலைக் கூட்டினால், முகூர்த்தத்தன்று மணப்பெண்ணின் முகத்தில் கருமைதான் நிற்கும். முந்தைய சித்திரை, வைகாசியில் மருத்துவரைப் பார்த்து, வெயிலுக்கு முகத்தைக் காத்துக்கொண்டு தொடங்கினால்தான் கணக்கு சரியாக வரும்.

யார் செய்யலாம்

இந்தியத் தோல் மருத்துவர் சங்கமான ஐ.ஏ.டி.வி.எல். 2008-ல் லேசர், ஐ.பி.எல். முடி குறைப்புக்கு நெறிமுறைகள் வெளியிட்டது. தமிழ்நாட்டில் கிளினிக்குகள் 1997-ம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2018-ல் வந்தன. 2016 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் ஓர் அழகு நிலையத்தில் முடி நடும் சிகிச்சை எடுத்த மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தார். சிகிச்சை வேறு; ஆனால் மருத்துவம் அழகு நிலையத்துக்குள் போனால் என்ன நடக்கக்கூடும் என்பதை இந்த நகரம் அப்போது கண்ணாரக் கண்டது.

முதல் நாளிலேயே முழு உடலுக்கும் லேசர் வைக்கும் இடத்தைத் தவிர்க்கலாம். காதுக்குக் கீழோ தாடையோரமோ சிறு இடத்தில் சோதனை ஒளி பாய்ச்சி, கருமை எழுகிறதா என்று இரண்டு வாரமாவது பார்க்கும் மருத்துவரே கறுத்த தோலை அறிந்தவர். ஒவ்வொரு அமர்விலும் எந்த லேசர், எவ்வளவு ஆற்றல், எத்தனை மில்லி நொடி என்பதை அட்டையில் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். ஊர் மாறினாலும் மருத்துவர் மாறினாலும் அடுத்த அளவு அதைப் பார்த்தே முடிவாகும். காயம் பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால், ரசீதோடும் தேதியிட்ட புகைப்படங்களோடும் அந்த அட்டையும் சான்றாக நிற்கும்.