பத்திரத்தில் எழுதிய நிபந்தனை: பெங்களூர் மனைகளின் கதை

பெங்களூரில் வேர்விட்ட தமிழ்க் குடும்பங்களின் பீரோக்களில் பத்திரமாக இருப்பது நகைக்கு அடுத்தபடியாக மனைப் பத்திரம்தான். பிழைக்க வந்த ஊரில் ‘சொந்தமா ஒரு சைட்டு’ அமைந்துவிட்டால், நாமும் இந்த ஊர்க்காரர் ஆகிவிட்டோம் என்று ஒரு நிம்மதி. அந்தப் பத்திரத்தில் அளவைப் பார்ப்போம், நான்கு எல்லையைப் பார்ப்போம், விலையைப் பார்ப்போம். நடுவில் வரும் நிபந்தனைகளைப் படிப்பவர் குறைவு. என் பெரியப்பாவும் படிக்கவில்லை. அவர் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் நிபந்தனையின் கதையைப் பார்ப்போம்.

செப்பேடும் சட்டமும்

நிலத்தோடு நிபந்தனையும் சேர்ந்து வருவது தமிழர்க்குப் புதிதன்று. சோழர் கால நிலக்கொடைச் செப்பேடுகளில், சுட்ட செங்கல்லால் மாளிகை எடுக்கலாம், கிணறு வெட்டலாம் என்று தானம் பெற்றவர்க்கு உரிமைகளை அடுக்கியிருப்பார்கள். இதைத் தனியே எழுத வேண்டியிருந்தது என்றால், மற்றவர்கள் நினைத்தபடி கட்டிவிட முடியாது என்றுதானே பொருள்? அதே வரிசையில், அவ்வூர்த் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது என்ற தடையும் வரும். ஒருவருக்குச் சலுகை, இன்னொருவருக்குத் தடை. இரண்டும் ஒரே ஏட்டில்.

இக்காலச் சட்டத்திற்கு மூல வழக்கு லண்டனில் நடந்தது. லெஸ்டர் சதுக்கத் தோட்டத்தை டல்க் என்பவர் 1808-இல் விற்றபோது, அதைத் தோட்டமாகவே வைத்திருக்க வேண்டும் என்று பத்திரத்தில் எழுதினார். பல கை மாறி அது மாக்ஸே என்பவரிடம் வந்தது. நிபந்தனை தெரிந்தே வாங்கிய அவர், கட்டடம் எழுப்பக் கிளம்பினார். தெரிந்து வாங்கியவரையும் நிபந்தனை கட்டுப்படுத்தும் என்று 1848-இல் தீர்ப்பாயிற்று. நம் நாட்டின் 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் 40-ஆம் பிரிவில் இக்கருத்தை ஏற்கிறது. பதிவான பத்திரத்தில் இருப்பது வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே சட்டம் கொள்ளும். ‘எங்கிட்ட யாரும் சொல்லலீங்க’ என்பது அங்கே எடுபடாது.

சாதிக்கொரு வட்டாரம்

பெங்களூருக்கு வருவோம். பழைய பேட்டையின் நெரிசலுக்கு மாற்றாக, மைசூர் அரசு 1890-களில் பசவனகுடியையும் மல்லேஸ்வரத்தையும் அமைத்தது. 1898-இல் வந்த பிளேக் நோய் மக்களை அங்கே விரைவாகக் குடியேற்றியது. அகலத் தெரு, காற்றோட்டம், சாக்கடை வசதி எல்லாம் புதுமை. ஆனால் வட்டாரங்களைச் சாதி, சமயம் பார்த்துப் பிரித்தார்கள். தெரு புதிது, கோடு பழையது!

இந்த நோய் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு வீடு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அத்தகைய நிபந்தனையை நீதிமன்றம் நிறைவேற்றித் தராது என்று 1948-இல், ஷெல்லி வழக்கில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. நம் உச்ச நீதிமன்றமோ 2005-இல், பார்சிகளுக்கு மட்டுமே உறுப்புரிமை என்ற அகமதாபாத் வீட்டுவசதிச் சங்கத்தின் விதி செல்லும் என்றது. சங்கம் அமைப்பதும் ஓர் உரிமை என்பது அதன் வாதம். சட்டம் அப்படி இருக்கலாம். ஆனால் வாடகைக்கு வீடு தேடிப் போய், ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்ற கேள்வியோடு திரும்பி வந்த எனக்கு அது உறுத்தவே செய்கிறது.

பத்தாண்டு விற்கக் கூடாது

1945-இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம் வந்தது. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்தப் பணி பெங்களூர் வளர்ச்சி ஆணையத்திடம், அதாவது பி.டி.ஏ.விடம், சென்றது. வீடில்லாதவர்க்கு மலிவு விலையில் மனை கொடுப்பார்கள். ஆனால் உடனே கிரயம் ஆகாது. பத்தாண்டு குத்தகை, அதற்குள் வீடு கட்ட வேண்டும், பிறருக்கு விற்கக் கூடாது, பிறகே விற்பனைப் பத்திரம். மனையை வாங்கி மறுநாளே லாபத்துக்குத் தள்ளிவிடுபவர்களைத் தடுக்கவே இந்த ஏற்பாடு.

தடை வந்தால் குறுக்கு வழியும் வரும். பெரியப்பா 1980-களில் ஒருவரிடம் இப்படிப்பட்ட மனையைப் ‘பவர்’ எழுதி வாங்கினார். பெரியம்மா தயங்கியபோது, “எல்லாரும் இப்படித்தாம்மா வாங்குறாங்க” என்றார். பத்தாண்டு முடியும் முன்பே எழுதிக் கொடுத்தவர் காலமானார். அவர் வாரிசுகள் பத்திரம் போட்டுத் தர மீண்டும் பணம் கேட்டார்கள். பெரியம்மாவின் வளையல்கள் அதற்குப் போயின. ஒரே மனைக்கு இரண்டு விலை! பவர் மூலம் நடக்கும் விற்பனை உரிமை மாற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல், சூரஜ் லேம்ப் வழக்கில், தெளிவாகச் சொல்லிவிட்டது. பெரியப்பா அதைக் கேட்க இல்லை.

புறநகரில் மனை வாங்குவோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் அரசு வழங்கிய நிலங்கள் பல, விற்கக் கூடாது என்ற நிபந்தனையுடன் வழங்கப்பட்டவை. அதை மீறிய விற்பனை செல்லாது, நிலம் மூலக் குடும்பத்திற்கே திரும்ப வேண்டும் என்று கர்நாடகம் 1978-இல் சட்டம் இயற்றியது. உச்ச நீதிமன்றம் 1984-இல் அதை உறுதி செய்தது. நியாயமான காலத்திற்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்று 2017-இல் அதே நீதிமன்றம் கூற, 2023-இல் மாநில அரசு, காலவரம்பு இல்லை என்று சட்டத்தைத் திருத்தியது. அப்படிப்பட்ட நிலத்தில் லேஅவுட் போட்டால், கடைசியில் சைட்டு வாங்கியவர் தலையில்தான் விடியும். அதற்காக அந்தச் சட்டத்தைக் குறை சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஏமாந்து நிலம் இழந்த ஏழைக்கு அது ஒன்றுதான் வேலி.

பூங்காவைக் காத்த கோடு

ராஜ்மகல் விலாஸ் விரிவாக்கத்தில், வரைபடத்தில் பூங்கா என்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு அளித்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். மருத்துவமனையும் பொதுநலம்தானே என்ற வாதம் நிற்கவில்லை. பூங்கா எல்லோருக்கும் உரியது, அதைத் தனியாருக்குக் கொடுக்கும் அதிகாரம் ஆணையத்திற்கு இல்லை என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குப் போடும் தகுதி அவ்வட்டாரவாசிகளுக்கு உண்டு என்றும் ஏற்றது. முத்தப்பா வழக்கு என்று பெயர் பெற்ற இத்தீர்ப்பு, நாடு முழுவதும் பூங்கா வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

ஆகவே, நிபந்தனை என்றாலே தொல்லை என்று ஒதுக்குவதும் தவறு. எழுதியதெல்லாம் நியாயம் என்று பணிவதும் தவறு. இது யாரைக் காக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று கேட்டுப் பார்த்தால் போதும். பூங்காக் கோடு குழந்தைகளைக் காத்தது. சாதிக் கோடு அண்டை வீட்டாரைப் பிரித்தது.

இன்று பழைய வீடுகளை இடித்து அடுக்ககம் கட்டித் தர பில்டர்கள் நம் வாசலுக்கு வருகிறார்கள். கையெழுத்துப் போடுமுன், பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பழைய பத்திரத்தை வரி விடாமல் ஒருமுறை படியுங்கள். அது கன்னடத்தில் இருக்கும். நம் பிள்ளைகளுக்குக் கன்னடம் வாசிக்கத் தெரியும். பெரியப்பாவிற்குத் தெரியாது.