வன்தட்டு இல்லாத கணினிகளும் வலைப்பின்னல் வழித் தொடக்கமும்

கணினிக்கு மின்சாரம் வந்ததும் இயங்குதளம் நினைவகத்தில் ஏறவேண்டும். வழக்கமாக அது கணினியின் சொந்த வன்தட்டிலிருந்து ஏறும். வலைப்பின்னலில் உள்ள வேறொரு கணினியிலிருந்து அதை இறக்கிக்கொள்ளும் முறையும் ஏறக்குறைய மேசைக்கணினி அளவுக்கே பழையது. 1973-இல் ஸெராக்ஸின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் உருவான ஆல்ட்டோவை ஈதர்நெட் வழியாகவும் தொடங்க முடிந்தது.

1980களின் தொடக்கத்தில் வன்தட்டு விலை உயர்ந்த பொருள். ஆளுக்கொரு கணினி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு சர்வரில் வன்தட்டு என்ற ஏற்பாட்டை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தனர். அங்கிருந்து கிளைத்த சன் மைக்ரோசிஸ்டம்ஸ், வன்தட்டு இல்லாத கணினிகளை விற்கவும் செய்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அத்தகைய கணினிக்குத் தன் ஐபி முகவரி தெரியாது. அதன் ஈதர்நெட் வன்பொருளுக்குரிய எண் மட்டுமே தெரியும். அந்த எண்ணைச் சொல்லி முகவரி கேட்கும் ரார்ப் நெறிமுறையை ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த நால்வர் 1984 ஜூனில் வெளியிட்டனர். முகவரி கிடைத்தது, எந்தக் கோப்பை எடுப்பது என்பதற்கு விடை கிடைக்கவில்லை. கேள்வியும் ரவுட்டரைத் தாண்டிப் போகாது. 1985 செப்டம்பரில் ஸ்டான்ஃபோர்டின் பில் கிராஃப்டும் சன் நிறுவனத்தின் ஜான் கில்மோரும் வகுத்த பூட்பி இரண்டையும் தீர்த்தது. ஒரே பதிலில் முகவரி, சர்வர், கோப்பின் பெயர் மூன்றும் வந்தன. இந்த வரலாற்றின் முதன்மையான திருப்பம் இதுதான்.

கோப்பைக் கொண்டுவந்தது டிஎஃப்டிபி. 512 பைட் அனுப்பும். பெற்றதாகப் பதில் வந்த பிறகே அடுத்த 512. கடவுச்சொல் கிடையாது. பிற்காலத்தில் அது பாதுகாப்புக் குறையானது உண்மை. ஆனால் சிறிய ரோம் சில்லுக்குள் அடங்கவேண்டிய நிரலுக்கு அந்தச் சிக்கனம் தேவைப்பட்டது.

பிசி உலகில் ஒற்றுமை தாமதமாகவே வந்தது. நெட்வொர்க் கார்டில் காலியாக இருக்கும் சாக்கெட்டில் தொடக்க ரோமைத் தனியே வாங்கிச் செருகவேண்டியிருந்தது. நோவெல் நெட்வேருக்கு ஒரு முறை, யூனிக்ஸுக்கு வேறொன்று. 1990களின் இறுதியில் இன்டெல் வகுத்த பிஎக்ஸ்இ இதைப் பொதுவாக்கியது. அதே பத்தாண்டில் வந்த வேக்-ஆன்-லேன், அணைந்திருக்கும் கணினியைத் தொலைவிலிருந்தே எழுப்பியது. காத்திருப்பு மின்சாரத்தில் விழித்திருக்கும் நெட்வொர்க் கார்டு, எல்லாப் பிட்களும் 1 ஆக உள்ள 6 பைட்களையும், அவற்றைத் தொடர்ந்து தன் எண் 16 முறை வருவதையும் கண்டால் கணினியை இயக்கும். நள்ளிரவில் ஓர் அலுவலகத்தின் எல்லாக் கணினிகளிலும் இயங்குதளத்தை ஒருசேர நிறுவ இவ்விரண்டும் வழி செய்தன. 1999-இல் தொடங்கிய லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டம், இதே வலைப்பின்னல் வழித் தொடக்கத்தைக் கொண்டு பழைய கணினிகளைப் பள்ளிகளில் மீண்டும் பயன்பட வைத்தது.

2015-இல் கணினியின் தொடக்க மென்பொருளுக்கான யூஇஎஃப்ஐ 2.5 தரநிலை, டிஎஃப்டிபிக்கு மாற்றாக எச்டிடிபியை அனுமதித்தது. எனினும் ஐபிவி4 வலைப்பின்னலில் முகவரி கேட்டுப் போகும் டிஎச்சிபி செய்தி, இன்றும் பூட்பியின் 1985ஆம் ஆண்டு வடிவத்திலேயே செல்கிறது.